ஐந்தாம் ரீல்

மார்த்தாண்டத்துக்கும் கருங்கலுக்கும் சேர்த்து
ஒரே பெட்டிதான் வந்திருந்தது.
அங்கே ஓடி முடித்த ரீலை
பைக்கில் கட்டி இங்கே கொண்டுவருவான் ஒருத்தன்.
அன்றைக்கு நல்ல மழை.
நாலாவது ரீல் முடிந்து திரை வெளுத்தது.
கொஞ்ச நேரத்தில் கரண்டும் போனது.
பால்கனியில் பதினொரு பேர்.
யாரோ பீடி பற்றவைத்த வெளிச்சத்தில்
உன் மூக்கு மட்டும் தெரிந்தது, கிளீட்டஸ்.

"நான் நாகர்கோவில்ல பாத்தாச்சு, கேட்டியா.
இனி வாறதுதான் படத்துலயே நல்ல இடம்."
"சொல்லு."
"சொன்னா ரசம் போயிரும்."
"போட்டு. சொல்லு."

சொன்னாய்.
அவளுக்குக் கல்யாணம். அவன் வருகிறான்.
கையில் அவளுடைய குடை,
என்றோ பஸ்ஸில் அவள் மறந்துவைத்தது,
ஒரு கம்பி ஒடிந்தது.
பந்தலில் எல்லாரும் சோறு தின்கிறார்கள்.
பின்வாசலில் நிற்கிறான்.
பொறவு?
அவள் வருகிறாள்.
பொறவு?
குடையைக் கொடுக்கிறான். கம்பியை மாற்றியிருக்கிறான்.
பொறவு?
"ஒண்ணுமில்ல. நனஞ்சிட்டே திரும்பி நடக்கான்.
அவ குடைய விரிச்சிட்டு நிக்கா,
ஓட்டுக் கூரைக்கு அடியில."

முக்கால் மணி நேரம் கழித்து வந்தான் பைக்காரன்,
மழைக்கோட்டைப் பெட்டிக்குப் போர்த்திவிட்டு
தான் சொட்டச் சொட்ட.
கடைசி பஸ் போயிரும் என்று கீழே கத்தினார்கள்.
ஆபரேட்டர் நேராக ஆறாவதை மாட்டினார்.
அதில் அவள் அழுதுகொண்டிருந்தாள்.
எதற்கென்று அந்தப் பால்கனியில்
எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

உள்ளபடி சொன்னால் சுமாரான படம்.
அந்த நாயகனுக்கு அழத் தெரியாது.
ஆனாலும் யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.
நர்சிங் ஹாஸ்டலில் குடைக் காட்சியைச் சொல்லி
ஒரு அறையையே அழவைத்திருக்கிறேன்.
ராபின்சனிடம்கூடச் சொன்னேன்,
கல்யாணமாகி மூன்றாம் மாதம்.
"நல்ல சீன்" என்றார்.
நான் சொல்லும்போது அவள் பச்சைப் பட்டு,
காதோரம் ஒரு மல்லிகை நழுவியிருக்கும்.
நீ நிறமெல்லாம் சொல்லவில்லை.
எனக்குப் பார்த்ததாகவே ஓர்மை.

உன் அண்ணன்மார் குறும்பனையில் என்ன சொன்னார்கள்,
என் அப்பா சபைக் கமிட்டியில் என்ன கேட்டார்,
அதெல்லாம் இங்கே வேண்டாம்.
நீ கொச்சியில் விசைப்படகு ஏறினாய்.
எனக்கு மின்னு கட்டிய அன்று மழை இல்லை.
தண்ணீர் குடிக்கவென்று இரண்டு தரம்
பின்வாசல் வரை போய்வந்தேன்.
படம் அப்படிப் பழக்கியிருந்தது.

நேற்று ராத்திரி அது போனில் கிடைத்தது.
முழுசு. வெட்டில்லாதது.
ஒரு மணி எட்டாவது நிமிடத்திலிருந்து
நான்கு தடவை ஓட்டிப் பார்த்தேன்.
ஒரு டூயட், பின்னால் ஏதோ மலை.
டீக்கடையில் ஒரு சண்டை, கண்ணாடி பாட்டில்கள்.
அவளுக்கு வந்த கடிதத்தைச் சித்தப்பா கிழிக்கிறார்.
அதற்குத்தான் அழுதிருக்கிறாள்.
குடை இல்லை.
படம் முழுக்க மழையே இல்லை.

நீ நாகர்கோவிலுக்குப் போகவே இல்லை.

குடை என்னுடையது, கிளீட்டஸ்.
கறுப்பு. குளச்சல் பஸ்ஸில் போனது.
தேடி அலைந்துவிட்டு உன்னிடம்தான் வந்து சொன்னேன்.
"போட்டு, வேற வாங்கலாம்" என்றாய்,
என் முகத்தைப் பார்க்காமல்.

அருமனையில் இப்போது மணி இரண்டேகால்.
ரப்பர் இலைகளில் மழை பிடித்துவிட்டது,
விடிந்தால் பால் வெட்ட ஆள் வரமாட்டான்.
ராபின்சன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறார்.
போனில் சார்ஜ் மூன்று,
இரண்டு,
திரை கறுத்தது.
சீரோ பல்பின் வெளிச்சத்தில்
அதில் ஒரு மூக்கு மட்டும் தெரிகிறது, என்னுடையது.

பொறவு?